ஒரு மாணவிக்காக நின்ற ரயில்

ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில், பனி மூடிய ஒரு சிற்றூர். பயணிகள் இல்லாததால் அவ்வூரின் ரயில் நிலையத்தை மூடிவிட நிர்வாகம் முடிவு செய்கிறது. அப்போதுதான், ஒரே ஒரு மாணவி நாள்தோறும் அங்கிருந்து பள்ளிக்குச் செல்வது தெரியவருகிறது. நிர்வாகம் மனம் மாறுகிறது. அவள் போவதற்கு ஒரு வண்டி, திரும்புவதற்கு ஒரு வண்டி என்று ஏற்பாடாகிறது. அவள் படிப்பு முடியும்வரை நிலையம் திறந்தே இருக்கும்.

2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் வெளியான இந்தக் கதை சில நாட்களில் உலகைச் சுற்றியது. நம் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. படித்தவர்கள் கண் கலங்கினர். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினர்.

நடந்தது இதுதான். கதையில் சொல்லப்பட்ட நிலையத்தின் பெயர் கமி ஷிரதாக்கி. மாணவி ஏறியதோ, ஒரு நிலையம் தாண்டி அடுத்திருந்த கியூ ஷிரதாக்கியில். (மேல் வெள்ளருவி, பழைய வெள்ளருவி என்று தமிழில் சொல்லலாம், கீழ் வெள்ளருவியும் ஒன்று இருந்தது.) கியூ ஷிரதாக்கி 1947இல் தற்காலிக நிறுத்தமாகத் தொடங்கியது. தேசிய ரயில்வே தனித்தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்ட 1987இல்தான் அதற்கு நிலையம் என்ற தகுதி கிடைத்தது. காலையில் பள்ளியிருந்த எங்கரு நோக்கிச் செல்ல ஒரு வண்டியும், மாலையில் திரும்ப ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளும் அங்கே நின்றன. வழியூர்கள் அனைத்துக்கும் பொதுவாக ஓடிய சாதாரண வண்டிகள் அவை. ஆள் வரவு குறைந்ததால் நிலையத்தை மூடப்போவதாக 2015இலேயே செய்தி வெளியாகிவிட்டது. 2016 மார்ச் 26 முதல் மூன்று வெள்ளருவி நிலையங்களும் மூடப்பட்டன. ஜப்பானில் பள்ளியாண்டு முடிவதும், ரயில் கால அட்டவணை மாறுவதும் மார்ச் மாதத்தில்தான். அந்த மாணவியின் படிப்பும் அம்மாதத்தில் முடிந்தது. இந்தப் பொருத்தத்தின்மேல்தான் கதை எழுப்பப்பட்டது.

‘இருக்கட்டுமே! சொன்னவரின் நிய்யத் நல்லது. கேட்டவர் மனம் இளகியது. இதனால் யாருக்கு நஷ்டம்?’ என்று கேட்போர் உண்டு. இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. நீதிக்கதைகளில் காகமும் நரியும் பேசுகின்றன. அதைப் பொய் என்று எவரும் குற்றம் சாட்டுவதில்லை. கதை என்று தெரிந்தே கேட்கிறோம். ஆனால் மாணவியின் கதை, நடந்த செய்தி என்று நம்மிடம் தரப்பட்டது. நடந்தது என்று எண்ணியதால்தான் மனமும் இளகியது. கற்பனை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பியிருப்பார்கள்?

நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், முதல் நஷ்டம் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கே என்பேன். பள்ளிக்குச் செல்ல ஒரு வழி வேண்டும் என்பது பிள்ளையின் ஹக்கு. கதையோ அதைப் பெரிய மனிதர்கள் மனமிரங்கிக் காட்டிய தயவாக ஆக்கிவிடுகிறது. ஹக்கு மறுக்கப்பட்டால் முறையிடலாம். தயவு நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? மாலைப் பேருந்து நின்றுபோனதால் படிப்பையும் நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகள் நம் ஊர்ப்புறங்களிலும் இல்லையா? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதெல்லாம் கால அட்டவணையில் ஒரே ஒரு வரி.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அந்த ஒரு வரிக்கான செலவை யார் ஏற்பது என்ற கடினமான கேள்வியைக் கதை மறைத்துவிடுகிறது. ஹொக்கைடோ ஜப்பானின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். மக்கள்தொகையிலோ நூற்றுக்கு நான்கு அளவே. அங்கே ரயில் லாபத்தில் ஓடாது என்பது 1987இலேயே தெரிந்திருந்தது. ஆகவே புதிய கம்பெனிக்கு 68,220 கோடி யென் நிதி ஒதுக்கி, அதன் வருமானத்தால் நஷ்டத்தை ஈடுசெய்ய வகை செய்தார்கள். தோப்பை வக்ஃபு செய்து அதன் வருமானத்தில் பள்ளிவாசலை நடத்துவதைப் போன்ற ஏற்பாடு. (இவர்கள் நம்பியது வட்டியை என்பது வேறு விஷயம்.) பின்னர் வட்டி விகிதம் வீழ்ந்தது, வருமானமும் சுருங்கியது. தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, அதாவது 1,237 கிலோமீட்டரை, இனித் தன்னால் மட்டும் நடத்திச் செல்ல இயலாது என்று 2016 நவம்பரில் கம்பெனி அறிவித்தது. அதன் கருணையை உலகம் கொண்டாடியதும் அதே ஆண்டில்தான்! இந்தக் கணக்கைப் படிக்க எவருக்கும் கண் கலங்காது. என்றாலும், கியூ ஷிரதாக்கி இத்தனை காலம் நிலைத்ததும், பின்னர் மூடப்பட்டதும் இந்தக் கணக்கினால்தான்.

அதே ரயில் பாதையில், எங்கருவைத் தாண்டிச் சென்றால் ஜோமோன் சுரங்கம் வருகிறது. நீளம் 507 மீட்டர். 1912இல் தொடங்கி 1914இல் முடிந்த வேலை. ஆசைகாட்டி அழைத்து வரப்பட்டு, தப்பிச் செல்ல இயலாதபடி அடைத்து வைக்கப்பட்ட கூலிகள் குடைந்த சுரங்கம் அது. நோயாலும் பசியாலும் அடியாலும் நூறு பேருக்கு மேல் மாண்டனர் என்பர். செத்தவர்களைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார்கள் என்று அப்பகுதி மக்கள் தலைமுறைகளாகப் பேசி வந்தனர். 1968ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சேதமடைந்த சுவரை 1970இல் பழுது பார்த்தபோது, செங்கற்களுக்குப் பின்னால் மனித எலும்புகள் கிடைத்தன.

மாணவியின் கதையைப் போலவே இதுவும் வாய்வழியாக உலவிய கதைதான். ஆனால் சுவரை உடைத்துப் பார்த்தபோது உள்ளே சாட்சி இருந்தது. மாண்டவர்களுக்காக 1980இல் அங்கே ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். சுரங்கத்துக்கு அடுத்திருந்த கனெஹனா நிலையமும், வெள்ளருவி நிலையங்கள் மூடப்பட்ட அதே 2016 மார்ச் 26இல்தான் மூடப்பட்டது. அந்தச் செய்தி நம் கைப்பேசிகளுக்கு வரவில்லை.