எப்படிப்பட்டவர்?

மூளையின் வலப்பாதி வீங்கிக்கொண்டே போகிறது என்று சொன்ன மருத்துவர், அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "சார் எப்படிம்மா? அடுத்தவங்க உதவிய வாங்கிக்கிற ஆளா?" அக்கா சற்று யோசித்தாள். "வேட்டி மடிப்பு கலைஞ்சா அவுக வாசல் தாண்ட மாட்டாக" என்றாள். மருத்துவர் தலையசைத்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, பின்னிரவு. பெரியம்மா மகள் அவள். அத்தானுக்கு அப்போது 63 வயது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அக்கா சொன்ன அந்தப் பதில் மட்டும் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. அது 'ஆபரேஷன் செய்யுங்கள்' என்று சொன்ன பதிலா, 'வேண்டாம்' என்று சொன்ன பதிலா?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் நடுப் பெருமூளைத் தமனி முழுக்க அடைத்துக்கொண்டால், அந்தப் பக்கத்து மூளையின் பெரும்பகுதி செத்துப்போகிறது. செத்த இடம் நீர் கோத்து வீங்குகிறது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கை கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும், மண்டையோடு கொடுக்காது. வீங்கிய பக்கம் நல்ல பக்கத்தை நெருக்கி, கடைசியில் மூச்சையும் இதயத்தையும் கவனித்துக்கொள்ளும் மூளைத்தண்டை அழுத்தும். அதற்குள் மண்டையோட்டில் 12 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு துண்டை எடுத்துவிட்டு, அடியிலுள்ள உறையையும் திறந்துவிட்டால், வீக்கம் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு அடங்கும். எடுத்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவது நம் ஊரில் பல இடங்களில் வழக்கம். சில மாதம் கழித்து அதை எடுத்து, இருந்த இடத்திலேயே பொருத்துவார்கள். உயிர் தங்கும். செத்துப்போன மூளை திரும்ப வராது.

அதனால்தான் அந்தக் கேள்வி. 60 வயதுக்கு உட்பட்டவர்களைப் பொறுத்தவரை மருத்துவ உலகில் அதிகத் தயக்கம் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஓராண்டுக்குப் பின் 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். செய்யாதவர்களில் 29 சதவீதம். 60-ஐத் தாண்டியவர்களுக்கு என்ன ஆகும் என்று ஜெர்மனியில் தனியாக ஓர் ஆய்வு நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் ஆபரேஷன் உயிரைக் காத்தது: செய்யாதவர்களில் 70 சதவீதம் பேர் இறக்க, செய்தவர்களில் 33 சதவீதம் பேரே இறந்தார்கள். ஆனால் பிழைத்தவர்களில் ஒருவர்கூட யாருடைய துணையும் இல்லாமல் வாழும் நிலைக்குத் திரும்பவில்லை. பெரும்பாலோருக்கு நடக்கவும் குளிக்கவும் உடுத்தவும் இன்னொருவர் வேண்டியிருந்தது. அல்லது படுக்கையே கதியானது.

இந்த நிலைகளை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் 1957-இல் போட்ட பட்டியலிலிருந்து வளர்ந்தது. பூஜ்யம் என்றால் எந்தக் குறையும் இல்லை. ஆறு என்றால் மரணம். மூன்று என்றால் தானாக நடப்பார், சில காரியங்களுக்கு மட்டும் உதவி தேவை. நான்கு என்றால் துணையில்லாமல் நடக்க முடியாது, உடம்பின் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் ஒரு மனிதன் தன் வேட்டியைத் தானே கட்டிக்கொள்ளும் இடம் இருக்கிறது. அக்காவுக்கு ரேங்கினைத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்துவிட்டாள்.

அத்தான் தன் வேட்டிக்குத் தானே கஞ்சி போடுவார், தானே பெட்டி போடுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மடிப்பு நசுங்காத ஓர் இடம் பார்த்து உட்காருவார். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் வியந்ததுண்டு. அது வெறும் உடைப் பழக்கமா, அல்லது அந்த மனிதரின் நடு எலும்பே அதுதானா? மடிப்பு போனால் அத்தான் போய்விடுவார் என்றுதான் அக்கா சொன்னாளா?

மண்டையைத் திறப்பது என்றதும் என் தாத்தா சொன்ன கதைதான் நினைவுக்கு வருகிறது. ராஜாவுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறக்கிறார். மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினால் மூளை கிழியும். கூட இருந்த சீடப்பிள்ளை ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அலம்ப, சத்தம் கேட்ட தேரை தண்ணீருக்குள் குதித்துவிடுகிறது. சீடனுக்குத் தேரையர் என்று பெயர் நிலைத்தது. "மண்டைய மூடினாகளா தாத்தா?" என்று கேட்டேன். "மூலிகை வச்சு மூடியாச்சு, ராஜா எந்திரிச்சு உக்காந்தாரு" என்றார். எந்த ராஜாவாக எழுந்தார் என்று கேட்கும் வயது இல்லை எனக்கு. அந்தக் கதையில் ராஜா பழைய ராஜாவாகவே எழுகிறார். தலைவலி மட்டும்தான் இல்லை.

பின்னாளில் பௌத்த நூலான மகாவக்கத்தில் ஜீவகன் என்ற மருத்துவனின் கதையைப் படித்தேன், அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. ராஜகிருகத்து வணிகன் ஒருவனுக்குத் தலையில் நோய். ஜீவகன் கத்தியை எடுக்கும் முன்பே கேட்கிறான்: ஒரு பக்கமாக ஏழு மாதம், மறுபக்கமாக ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுத்திருக்க முடியுமா? முடியும் என்கிறான் வணிகன். மண்டையைத் திறந்து இரண்டு புழுக்களை எடுத்தபிறகு, எந்தப் பக்கமும் ஏழு நாளைத் தாண்டி அவனால் படுக்க முடியவில்லை. பக்கத்துக்கு ஏழு நாள் போதும் என்பது ஜீவகனுக்கு முன்பே தெரியும். மாதக்கணக்கில் சொல்லியிருக்காவிட்டால் இவன் அந்த ஏழு நாள்கூடப் படுத்திருக்க மாட்டான் என்பதும் தெரியும்.

இந்தக் கதையில் நோயாளியிடமே கேட்டார்கள் என்பதைப் பார்த்து முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. நோயாளியிடமே கேட்டும், அவன் சொன்ன பதில் பொய்த்துப்போனது. தன்னால் எதைத் தாங்க முடியும் என்று அவனுக்கே தெரியவில்லை. அப்படியிருக்க, மயங்கிக் கிடந்த அத்தானுக்காக அக்கா என்ன சொல்லியிருக்க முடியும்?

அத்தான் இப்போது சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு இருக்கிறது, இடது கைக்கும் காலுக்கும் அசைவு இல்லை. வெல்க்ரோ ஒட்டிய வேட்டி வாங்கி வந்திருக்கிறாள் அக்கா. அதையும் அவள்தான் கட்டிவிடுகிறாள். கசங்கிய வேட்டியோடு வாசல் தாண்டித் திண்ணைக்கு வருகிறார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். பேத்தி வந்தால் முகம் மலர்கிறது. மனிதர் எதற்கும் பழகிக்கொள்வார், வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட நிறைவோடு வாழ்வார் என்பார்களே, அதுதான் இது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அந்த ஜெர்மானிய ஆய்விலும், ஒரு வருடம் கழித்து நோயாளிகளிடமோ கவனித்துக்கொள்பவர்களிடமோ கேட்டபோது, மறுபடியும் சம்மதிப்போம் என்றவர்களே அதிகம்.

ஆனால் வலப்பக்க மூளை கெட்டால் இன்னொன்றும் நடக்கும். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்குப் புலப்படாது. செயலிழந்த கையைப் பார்த்து ஒன்றுமில்லை என்பார்கள். ஜோசப் பாபின்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் 1914-இல் இந்த மறுப்பை விவரித்திருக்கிறார். அத்தானும் இடப்பக்கச் சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுவார். தட்டைத் திருப்பி வைத்தால் சாப்பிடுவார். அப்படியென்றால், மடிப்பு கலைந்ததை அவர் ஏற்றுக்கொண்டாரா, அல்லது அதைப் பொருட்படுத்திய பகுதியே செத்துப்போய்விட்டதா? இதை எந்த ஸ்கேனில் பார்ப்பது?

அக்காவிடம் ஒருநாள் இதைப் பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். "அவுக எப்படிப்பட்டவுகன்னு டாக்டர் கேட்டாரு. நான் எப்படிப்பட்டவன்னு கேக்கலையே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இரவில் இரண்டு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவள் அவள். ஆய்வுக்காரர்களின் 4 என்ற எண்ணுக்குள் இன்னொரு ஆளின் உடம்பும் அடங்கியிருக்கிறது.

அன்றிருந்தவரின் விருப்பத்தை மதிப்பதா, இன்றிருப்பவரின் சந்தோஷத்தை மதிப்பதா என்று கேட்டால், என் மனம் இன்றிருப்பவர் பக்கமே சாய்கிறது. அது நியாயம் என்பதாலா, அவர் எங்களோடு இருக்கிறார் என்ற என் சுயநலத்தாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் மகள் கேட்டாள்: "உங்களுக்கு இப்படி ஆனா நான் என்னப்பா சொல்லணும்?" எனக்கும் 60 நெருங்குகிறது, நியாயமான கேள்விதான். நான் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு எப்படிப்பட்டவனாக இருப்பேன் என்று யாரிடம் கேட்டுச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.