அமைதியுறாக் கால்களும் பகல் நித்திரையும்



நாம் வாழும் தில்லி மாநகரில், கால்காஜிக்கு அருகே பகாபூரில் ஒரு பாறை உண்டு. அசோக மாமன்னரின் சிறு பாறைச் சாசனம் அதில் பொறிக்கப்பட்டிருப்பது 1966ஆம் ஆண்டில் கண்டறியப்பெற்றது. உபாசகரான பின்னரும் முதலில் தாம் போதிய ஊக்கம் கொள்ளவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே முனைந்து முயன்றதாகவும் மன்னர் அதில் ஒப்புக்கொள்கிறார். முயற்சியின் பெருமையைக் கூறும் அச்சாசனத்தைப் பௌர்ணமிக் கூட்டமொன்றில் நாம் விரித்துரைத்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஓர் உபாசிகை உறங்கிவிட்டார்.

அவ்வம்மையார் நான்கு வீடுகளில் வேலை செய்து பிழைப்பவர். தியானத்திற்கு அமர்ந்தால் கால்களை ஓயாது அசைப்பார். சிறிது நேரத்தில் தலை சாய்ந்துவிடும். அருகிலிருந்தவர்கள் முகம் சுளித்தனர். “முன்வினை, என்ன செய்வது!” என்றார் ஒருவர். நாமோ, தீனமித்தம் என்னும் சோம்பலும் மயக்கமும் ஐந்து தடைகளுள் ஒன்று என்று அவரை நோக்கியே பேசினோம். கூட்டம் கலைந்தபின் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஐயா, படுத்தவுடன் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்கிறது. எழுந்து நடந்தால் அடங்குகிறது. படுத்தால் மறுபடியும் தொடங்குகிறது. இரவு மூன்று மணி வரை நடக்கிறேன். ஐந்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டும்.”

நாம் வெட்கமுற்றோம்.

இது பெயருள்ள வியாதி. இங்கிலாந்தின் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672லேயே இதனை எழுதிவைத்தார். சுவீடனின் எக்போம் 1945இல் விரிவாக ஆராய்ந்தார். ஓய்வில் மிகுவதும், மாலையிலும் இரவிலும் வலுப்பதும், நடந்தால் தணிவதும் இதன் இலக்கணம். பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. இரும்புச் சத்துக் குறைவு, கருவுற்றிருத்தல், சிறுநீரக நோய், நீரிழிவால் நரம்பு கெடுதல் ஆகியவை இதற்குத் துணைபோகின்றன; சளிக்கும் குமட்டலுக்கும் தரும் சில மருந்துகளும் இதனை மூட்டிவிடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாயிருந்தும் சேமிப்பு இரும்பு குறைந்திருக்கலாம். ஆதலின் பெரிட்டின் என்னும் சோதனையையும் மருத்துவர்கள் செய்விக்கின்றனர். இரும்பு மாத்திரையை அவர்கள் சொன்னாலன்றி உண்ணலாகாது. உண்பவர் அதனோடு தேநீர் பருகினால் பயன் குறையும். (நம் மக்கள் தேநீரை விடுவார்களா என்பது வேறு கேள்வி.) பகல் தூக்கம் அனைத்தும் கால்களால் வருவதன்று, உரத்துக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று விழிப்பவர்க்கும் அது வரும்.

இனி வினைப் பேச்சுக்கு வருவோம். மோளியசீவகன் என்னும் பரிவிராசகன், மனிதர் படும் நோவெல்லாம் முன்வினையே என்பாரைப்பற்றிப் பகவானிடம் வினவினான். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறையற்ற நடத்தை, அடிபடுதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவான் எண்ணிக் காட்டினார். எல்லாவற்றையும் வினையின்மேல் ஏற்றுவோர், தாம் கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்றார். பிறப்பையும் வினையையும் காட்டி நம்மைத் தாழ்த்தியவர்களின் சொல்லை உதறிவிட்டுத் தம்மத்திற்கு வந்த நாம், அதே சொல்லை ஒரு நோயாளிப் பெண்ணின்மேல் எறிந்தோமே!

பகல் உறக்கம்பற்றிப் பகவானையே ஒருவன் மடக்கப் பார்த்ததுண்டு. பகலில் உறங்கியது நினைவுண்டோ என்று சச்சகன் கேட்டான். கோடையின் கடைசி மாதத்தில் பிச்சையேற்று உண்டபின், ஆடையை நான்காய் மடித்து விரித்து வலப்புறம் சாய்ந்து, நினைவோடு உறங்கியதுண்டு என்று பகவான் ஒளியாது விடை பகர்ந்தார். தில்லியின் ஜூன் வெயிலை அறிந்தவர்க்கு அவ்விடை புரியும். மொக்கல்லானர் தியானத்தில் தூங்கி விழுந்தபோதும், காதுகளை இழுத்து உடலைத் தேய்த்துக்கொள், கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார், எழுந்து உலாவு என்று படிப்படியாக வழி கூறி, இறுதியில், அதுவும் பலிக்காவிடில் வலப்புறம் படுத்துக்கொள் என்றார்.

அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் நீரிழிவாலும் கால் வலியாலும் உறக்கமின்மையாலும் வருந்தினார். 1956 டிசம்பர் 5ஆம் நாள் இரவு அவர் கால்களை உதவியாளர் பிடித்துவிட்டார். அதன்பின்னும் தம் புத்த தம்ம நூலின் முன்னுரையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு முயற்சி போதாது என்று யார் சொல்வர்?

அவ்வம்மையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரும்பு மிகக் குறைந்திருந்தது. சில மாதச் சிகிச்சைக்குப்பின் இரவுகள் பெரிதும் தணிந்தன, முற்றும் நீங்கவில்லை. இப்போது நம் கூடத்தில் பின்சுவரை ஒட்டி நடைக்கென்று இடம் விட்டிருக்கிறோம். கால் அடங்காதபோது அவர் அங்கே எழுந்து, ஒவ்வோர் அடியிலும் மனம் வைத்து மெல்ல உலாவியபடி உபதேசம் கேட்கிறார். சென்ற பௌர்ணமியன்று முதியவர் ஒருவரும், எவரையும் கேளாமல் எழுந்து, அவருக்குப் பின்னே நடக்கலானார்.