நியமராஜாவின் எல்லை எதுவரை?

2013 ஏப்ரல் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில், சட்டப் புத்தகங்களில் அதிகம் காணக் கிடைக்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தெய்வம் உறையும் மலையுச்சியிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கம் தோண்டினால் அந்தத் தெய்வத்தின் இருப்பிடத்துக்குப் பாதிப்பு உண்டா, இல்லையா? மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு இதற்குத் தானே விடை சொல்லவில்லை. ஒடிசாவின் ராயகடா, களஹாண்டி மாவட்டங்களின் மலைக் கிராமங்கள் சபை கூட்டித் தீர்மானிக்கட்டும் என்று விட்டது.

தெய்வத்தின் பெயர் நியமராஜா; மலை நியமகிரி. நியமராஜாவின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொல்லும் டோங்கிரியா கோந்த் மக்கள் ஏறத்தாழ எட்டாயிரம் பேர். சரிவுகளில் அன்னாசி, மஞ்சள், ஆரஞ்சு, பலா என்று பயிரிடுகிறார்கள். உச்சிக்காட்டில் மட்டும் கோடாரி வைப்பதில்லை. அது ராஜாவுக்கு உரியது. அந்த மலைத்தலையில்தான் ஏழு கோடி டன்னுக்கும் மேலான பாக்சைட் படிந்திருக்கிறது. அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனம் அலுமினா ஆலையைக் கட்டி முடித்துவிட்டது. தாதுவை வெட்டித் தர வேண்டியது மாநில அரசின் ஒடிசா சுரங்கக் கழகம். அதற்கான வன அனுமதியை 2010 ஆகஸ்டில், என்.சி.சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மறுத்தார். கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேதான் அந்தப் பத்து கிலோமீட்டர் கணக்கு வந்தது: வழிபாடு நடக்கும் உச்சி ஹுண்டல்ஜாலிக்கு அருகே இருக்கிறது, சுரங்கம் வருவதோ வேறு இடத்தில்.

கோயிலுக்கு மதில் உண்டு, மதிலுக்கு வெளியே தெரு உண்டு. பத்து கிலோமீட்டர் வாதம் இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது. கோந்த் மக்களின் தெய்வத்துக்கு மதில் இல்லை. எழுதிவைத்த ஆகமமும் இல்லை. ஓடையும் காடும் கிழங்கும் அவனுடையவை. ஒரு பகுதியை அவனுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைப் பிரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அவர்களுக்குப் பொருளற்றது. கிராம சபைகளில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் அதையேதான். வழிபாட்டுக்கென்று தனித்தனியாக இடம் அளந்து தருகிறோம் என்றபோது, மலை முழுவதும் அவனுடையது என்று மறுத்தார்கள்.

படித்தவர்கள் இதற்கு உடனே ஒரு விளக்கம் தருவதுண்டு. பாக்சைட் படிவம் நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிட்டு, கோடையிலும் ஓடைகளை வற்றாமல் வைத்திருக்கிறது. வம்சதாரா ஆறு பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான். ஆகவே தெய்வம் என்பது நீர்வளத்தைக் காக்க முன்னோர் கண்ட தந்திரம் என்கிறார்கள். பாராட்டுப் போலத் தோன்றும் இந்த விளக்கத்தில் ஆபத்து இருக்கிறது. தெய்வம் வெறும் நீர்க்காப்பு ஏற்பாடு என்றால், அதே அளவு நீருக்குத் தடுப்பணையும் குழாயும் போட்டுக் கொடுத்ததும் தெய்வத்தின் வேலை முடிந்துவிடும். இழப்பீட்டுக் கணக்கு நிற்பது இந்தத் தர்க்கத்தின் மேல்தான்: எல்லாவற்றுக்கும் ஈடு உண்டு, தொகையை மட்டும் பேசினால் போதும். ஈடு இல்லாத ஒன்று உலகில் உண்டா என்பதுதான் நியமகிரியில் எழுந்த தத்துவக் கேள்வி. உண்டு என்றால் அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

1954இன் சிரூர் மடம் வழக்கிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின்படி, ஒரு மதத்துக்கு இன்றியமையாத வழக்கம் எது என்று சோதிக்கும் வேலையை நீதிபதிகள் நாளடைவில் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. நியமகிரித் தீர்ப்பை எழுதிய நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன்தான் அடுத்த ஆண்டு மே மாதம் ஜல்லிக்கட்டுத் தடைத் தீர்ப்பையும் எழுதினார். அங்கே எது தமிழ் மரபு என்பதை நீதிமன்றமே விளக்கியது. 2023இல் அரசியல் சாசன அமர்வு, அதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும் என்றது. நியமகிரியில் மட்டும்தான் அந்த அதிகாரம் மரத்தடியில் கூடும் ஊர்ச் சபைக்குப் போனது. அதற்கு வழி திறந்தது 2006இன் வன உரிமைச் சட்டம். இந்த மூன்று விடைகளில் நியமகிரியின் விடையே நேர்மையானது. நம்பிக்கையின் விளைவைத் தன் வாழ்க்கையில் சுமப்பவர்தான் அதைப் பற்றிப் பேசத் தகுந்தவர்.

நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் கேட்க வேண்டும் என்று மக்கள் கோரினார்கள். மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. ராயகடாவில் ஏழு, களஹாண்டியில் ஐந்து. 2013 ஜூலை 18 அன்று செர்க்காபாடியில் தொடங்கி ஆகஸ்ட் 19 அன்று ஜராபாவில் முடிந்தன கூட்டங்கள். மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு கிராமங்களும் வேண்டாம் என்றன. இவற்றில் இஜிருபா ஒரே ஒரு குடும்பம் வாழ்ந்த ஊர்; அந்தக் குடும்பம் பழங்குடியும் அல்ல. அவர்கள் சொன்னதும் வேண்டாம் என்றுதான். 2014 ஜனவரியில் மத்திய அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது.

இதே கேள்வியை ஒடிசா முழுவதும் கேட்டிருந்தால்? நான்கு கோடிப் பேருக்கு நடுவே எட்டாயிரம் பேரின் குரல் கரைந்துபோயிருக்கும். ஆலை, வேலைவாய்ப்பு, மாநில வருவாய் என்று சொல்லப் பெரும்பான்மைக்கு நியாயமான காரணங்களும் உண்டு. பொதுக்கருத்து என்று சொல்லும்போது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. மலை போனால் போவது யாருக்கோ, அவர்களை முதலில் கேட்பது ஜனநாயகத்துக்கு விரோதமல்ல.

இன்று எதிர்வாதம் பருவநிலையின் பெயரில் வருகிறது. மின்சார வாகனத்துக்கும் சூரியத் தகட்டின் சட்டத்துக்கும் மின்தடக் கம்பிக்கும் அலுமினியம் வேண்டும். உலகம் கரியை விட்டு விலக வேண்டுமென்றால் ஏதோ ஒரு மலை தலைகொடுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. வெப்பம் ஏறினால் முதலில் வாடப்போவதும் மழையை நம்பிப் பயிரிடும் இதே மலைமக்கள்தான். ஆனால் ஒரு டன் அலுமினியத்தை உருக்கி எடுக்க ஏறத்தாழ பதினாலாயிரம் யூனிட் மின்சாரம் தேவை. இந்தியாவில் அதில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்த அதில் சிறு பகுதி ஆற்றல் போதும். அந்த வழியை முழுக்கப் பார்க்காமல் முதலில் மலையைக் கேட்பதுதான் அநியாயம்.

நியமகிரித் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்களையும் ஒரு கேள்வி உறுத்த வேண்டும். மலைமேல் இருந்தவர்களுக்கு நியமராஜா இருந்தார். ஆலைக்காக லாஞ்சிகரில் வீடு வாசலை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களுக்கு, நீதிமன்றம் கேட்டு நின்ற அப்படியொரு தெய்வம் இல்லை. அவர்கள் இழந்ததும் வயல், மந்தை, சுடுகாடு, பிறந்த ஊர். ஒரு நிலத்தின் மதிப்பை நிரூபிக்கத் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தால், சாட்சி இல்லாதவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தத் தீர்ப்பில் வழிபாட்டு உரிமையோடு வாழ்வாதார உரிமையும் சேர்த்தே பேசப்பட்டிருக்கிறது. இனி வரும் வழக்குகளில் அழுத்தம் கொடுக்க வேண்டியது அந்த இரண்டாவது உரிமைக்கு.

நடப்பதோ வேறு திசையில் இருக்கிறது. 2022இன் வனப் பாதுகாப்பு விதிகள், கிராம சபையின் ஒப்புதல் உறுதியாவதற்கு முன்பே மத்திய அரசு இறுதி அனுமதி தர வழிசெய்தன. நியமகிரிக்கு அருகே, அதே இரு மாவட்டங்களில் பரந்திருக்கும் சிஜிமலியின் பாக்சைட் 2023இல் அதே வேதாந்தா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த மலைக்கும் தீஜ் ராஜா என்ற தெய்வம் உண்டு. கிராம சபைகள் சம்மதித்ததாகக் காட்டப்படும் பதிவுகள் பொய்யானவை என்பது அங்குள்ள மக்களின் குற்றச்சாட்டு. நியமகிரியில் செய்ததுபோலவே மாவட்ட நீதிபதியின் முன்னிலையில், ஊர் ஊராகச் சபை கூட்டி, மறுபடி கேட்டுவிடலாம். அனுமதிக் கோப்பு இன்னொரு மேசைக்கு நகர்வதற்கு முன்பாக அதைச் செய்ய வேண்டும்.