மேற்குக் காற்றும் மன்சனீயாவும்

குவாதல்கிவீர் ஆறு அட்லாண்டிக் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது சான்லூக்கார் தே பர்ரமேதா. ஸ்பெயினின் தென்மேற்கு மூலை. அக்கரையில் தோஞானா தேசியப் பூங்காவின் மணல்மேடுகளும் பைன் மரங்களும். இக்கரையில் பாஹோ தே கீயா, பழைய மீனவர் குப்பம். இன்று ஆற்றைப் பார்த்தபடி அங்கே வரிசையாக உணவகங்கள். கொலம்பஸ் மூன்றாம் பயணத்துக்கு 1498இல் பாய் விரித்ததும், உலகைச் சுற்றி முடிந்த பயணத்துக்கு மகெல்லன் 1519இல் புறப்பட்டதும் இந்த முகத்துவாரத்திலிருந்துதான். நான் குறித்துவைக்க விரும்புவது இங்கே கிடைக்கும் மதியச் சாப்பாட்டையும், அதனுடன் வரும் மன்சனீயா என்ற வெள்ளை ஒயினையும்.

*

இந்த ஊருக்கு இரண்டு காற்று. கிழக்கிலிருந்து வருவது லெவாந்தே. வறண்டது, சூடானது, மனிதர்களையும் எரிச்சல்படுத்துவது. மேற்கே கடலிலிருந்து வருவது பொனியெந்தே. ஈரமும் குளிர்ச்சியும் கொண்டது. ஒயின் முதிரும் கிடங்குகளைப் பொதேகா என்கிறார்கள். அவற்றைக் கட்டியவர்கள் மேற்குக் காற்றை உள்ளே அழைக்கவே கட்டினார்கள். கோயில் மண்டபம் அளவுக்கு உயர்ந்த கூரை. சன்னல்கள் மிக மேலே. வெயில் விழாதபடி அவற்றில் புல்லால் முடைந்த பாய்கள் தொங்கும். தரை வெறும் மண்; கோடையில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள்.

உள்ளே கருப்பு மை பூசிய ஓக் பீப்பாய்கள் மூன்று நான்கு அடுக்காக இருக்கின்றன. 600 லிட்டர் கொள்ளும் பீப்பாயில் 500 லிட்டர்தான் ஊற்றுவார்கள். மிச்ச இடம் காற்றுக்கு. அந்தக் காற்று படும் பரப்பில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல, ஈஸ்ட் ஒரு வெளிறிய படலமாக வளர்கிறது. ஃப்ளோர் என்று பெயர். யாரும் அதைத் தூவுவதில்லை. அது அந்த இடத்திலேயே வாழ்கிறது.

ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதம் அளவில் இருந்தால் படலம் உயிரோடிருக்கும். 17ஐ எட்டினால் செத்துவிடும். உயிரோடிருக்கும் வரை அது இரண்டு வேலை செய்கிறது: காற்று ஒயினைக் கெடுக்காமல் மூடிவைக்கிறது, ஒயினுக்கு வழவழப்புத் தரும் கிளிசரினைப் பெரும்பகுதி தின்றுவிடுகிறது. எஞ்சுவதில் இனிப்பு இல்லை, கொழுப்பு இல்லை. பச்சை ஆப்பிள், பாதாம், புளிக்க வைத்த மாவு ஆகியவற்றின் வாசனை. நாக்கின் ஓரத்தில் உப்பு உணர்வு.

இருபது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், உள்நாட்டில் ஹெரெஸ் நகரம். ஷெர்ரி என்று உலகம் அறிந்தது அந்த ஊர்ப் பெயரால்தான். திராட்சை அங்கும் பலோமினோ, மண் அங்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மண். ஆனால் அங்கே கோடை வெப்பத்திலும் குளிர்காலத்திலும் படலம் மெலிந்துபோகும். சான்லூக்காரில் ஆண்டு முழுவதும் தடித்தே இருக்கும். ஆகவே இந்த ஊர் எல்லைக்குள் முதிர்ந்த ஒயினுக்கு மட்டுமே மன்சனீயா என்ற பெயர். 1964 முதல் இது சட்டம். தோட்டம் வெளியே இருக்கலாம்; பீப்பாய் இங்கேதான் இருக்க வேண்டும்.

*

பீப்பாய்களின் அடுக்குக்கு சொலேரா என்று பெயர். கீழ் வரிசையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புட்டியில் அடைப்பார்கள். எடுத்த அளவுக்கு மேல் வரிசையிலிருந்து ஊற்றுவார்கள். அதற்கு மேலுள்ளதிலிருந்து அதற்கு. உச்சியில் புது ஒயின் சேரும். புது ஒயின்தான் ஈஸ்ட்டுக்கு இரை. மன்சனீயாவில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி செய்வார்கள். கீழ்ப் பீப்பாய் ஒருபோதும் காலியாவதில்லை. 1792இல் தொடங்கிய இதால்கோ, 1821இல் தொடங்கிய பர்பதீயோ போன்ற பழைய நிறுவனங்கள் இன்றும் இப்படித்தான் செய்கின்றன. இந்த ஒயினுக்கு விளைந்த ஆண்டு என்று ஒன்று கிடையாது. ஒரு கோப்பையில் பல பத்தாண்டுகள் கலந்திருக்கின்றன.

ஆனாலும் பருவம் உண்டு. பர்பதீயோ தன் சொலேயார் என்ற மன்சனீயாவை அதிகம் வடிகட்டாமல் ஆண்டுக்கு நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக எடுத்து அடைக்கிறது. புட்டியில் தோஞானாவின் பறவை ஒன்றின் படம். படலம் மேலும் தடிக்கும் வசந்தத்தில் எடுத்ததும் குளிர்காலத்தில் எடுத்ததும் வாயில் வேறு வேறாக நிற்கும்.

*

இறால்.

லங்கொஸ்தீனோ என்ற இந்த இறாலுக்கு உடல் முழுக்கப் பட்டைக் கோடு, வால் நுனியில் நீலச் சாயல். உணவகத்தில் எடை போட்டுத்தான் விலை. சமையல் என்று சொல்ல அதிகமில்லை. உப்புத் தண்ணீரில் மிகக் குறைந்த நேரம் வேகவைத்து, ஐஸும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். மேசைக்கு வருவது இறால் மட்டும். சாஸ் இல்லை, எலுமிச்சை கூட அநேகமாக வேண்டியதில்லை. பாஹோ தே கீயாவின் புகழ்பெற்ற காசா பிகோத்தேயிலும் இதே முறைதான்.

தலையைத் திருகி எடுத்து உறிஞ்ச வேண்டும். அதில்தான் முழுக் கடலும் இருக்கிறது. கொழுப்பும் இனிப்பும் லேசான கசப்புமாக. பிறகு ஓட்டை உரித்து உடலைக் கடிக்க வேண்டும். இறுகிய, தித்திப்பான சதை. அதன்பின் ஒரு வாய் மன்சனீயா. இங்கே நடப்பதை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். ஒயின் முதலில் தலையின் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்தெடுக்கிறது. பிறகு தானும் விலகிவிடுகிறது. இறாலின் தித்திப்பு மட்டும் முன்பைவிடத் தெளிவாக நிற்கிறது. தன்னிடம் சர்க்கரை ஏதும் இல்லாத ஒயின் மற்றொன்றின் இனிமையைக் காட்டிக்கொடுக்கிறது.

கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் அவசரம் சாத்தியமில்லை. உரிப்பதற்கும் குடிப்பதற்கும் நடுவில் விரலைத் துடைக்க வேண்டும். இந்த ஊரின் நிதானம் பாதி அங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

*

மீனும் ஒயினும் சேரும்போது சில நேரம் வாயில் கெட்ட மீன் நாற்றம் தங்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைச் சிப்பிச் சதையுடன் சுவைத்துப் பார்த்து, 2009இல் காரணத்தை வெளியிட்டார்கள்: ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு. மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்ற பழைய விதி, நிறத்தோடு நின்றுவிடுகிறது. கரையில் வாழ்ந்தவர்களுக்கு விதி தேவைப்படவில்லை. தினமும் கிடைத்த மீனை, தினமும் கிடைத்த ஒயினோடு தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டார்கள். பொருந்தாத சமையல் தானாகவே மறைந்திருக்கும்.

*

இறாலைவிட எனக்கு அதிகம் சொல்லித்தந்தது உருளைக்கிழங்கு. பாப்பாஸ் அலினியாஸ்: வேகவைத்த கிழங்கு, வெங்காயம், பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய், ஷெர்ரி வினிகர். கிழங்கு வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெயை ஊற்ற வேண்டும்; அப்போதுதான் உள்ளே இறங்கும். வினிகர் பட்டால் பெரும்பாலான ஒயின்கள் வாயில் செத்துவிடும். மன்சனீயா அசைவதில்லை. வினிகரும் அதே திராட்சையிலிருந்து, அதே மண்ணிலிருந்து வந்தது.

அந்தக் கிழங்கு விளையும் நிலத்துக்கு நவாசோ என்று பெயர். கடலோர மணலை, நிலத்தடி நீர் தொடும் ஆழத்துக்கு அருகே வரை தோண்டிப் பள்ளமாக்கிப் பயிரிடுவார்கள். கடலில் ஓதம் ஏறும்போது அடியிலுள்ள நன்னீர் மேலெழுந்து வேரைத் தொடும். ஓதம் வடியும்போது இறங்கும். நிலவு பாய்ச்சும் தண்ணீர். பல நவாசோக்கள் இன்று வீட்டு மனைகளுக்கு இரையாகிவிட்டன. எஞ்சியவற்றைக் காப்பது, பொதேகாவைக் காப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த வேலையல்ல.

*

ஊர்ச் சதுக்கமான கபில்தோவில் காசா பல்பீனோ. நின்றபடியே சாப்பிடும் கூட்டம். கடலை மாவும் கோதுமை மாவும் கலந்த நீர்த்த கரைசலில் கூனி இறாலை ஓட்டோடு போட்டு, வெங்காயமும் பார்ஸ்லியும் சேர்த்து, எண்ணெயில் மெலிதாகப் பரப்பிப் பொரிக்கிறார்கள். தொர்த்தியீத்தா. ஓரம் சரிகைபோல் மொறுமொறுக்க வேண்டும். நடுவில் தடித்துவிட்டால் அது தோல்வி. எண்ணெய்ப் பிசுக்கை ஒரு வாய் குளிர்ந்த ஒயின் கழுவிவிடும். அடுத்ததைக் கை தேடும்.

*

முகத்துவாரம் ஒரு தொட்டில். ஆற்றின் நன்னீரும் கடலின் உப்பும் கலக்கும் சேற்றில்தான் குஞ்சு மீன்களும் இறால்களும் வளர்கின்றன. அந்தத் தண்ணீருக்கே இன்று தட்டுப்பாடு. எதிர்க்கரை தோஞானாவைச் சுற்றி நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதைத் தடுக்கத் தவறியதாக, ஐரோப்பிய நீதிமன்றம் 2021 ஜூனில் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இங்கே மேசையில் உட்காருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். தட்டில் இருப்பது அந்தச் சேற்றின் விளைச்சல்.

திராட்சைக்கும் இறங்குமுகம்தான். ஷெர்ரிப் பகுதியின் தோட்டங்கள் 1970களின் இறுதியில் 20,000 ஹெக்டேரைத் தாண்டியிருந்தன. இன்று ஏறத்தாழ 7,000. மலிவான இனிப்பு ஷெர்ரியாகவே உலகம் இப்பகுதி ஒயினை அறிந்ததும், சாப்பாட்டிலிருந்து பிரித்துத் தனியாகக் குடித்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். மன்சனீயா சாப்பாட்டு ஒயின். தட்டு இல்லாமல் அதைத் தீர்ப்பிடக் கூடாது.

*

ஆகவே, போகிறவர்களுக்கு: உச்சி வெயில் தணியத் தொடங்கும் நேரத்தில், பசியோடு போங்கள். அரைப் புட்டி கேளுங்கள், இருவருக்குப் போதும். 7 முதல் 9 டிகிரிக் குளிர்ச்சியில் வர வேண்டும். சூடாக வந்தால் ஐஸ் வாளி கேட்கத் தயங்காதீர்கள். அன்று கரைக்கு வந்தது எது என்று பரிமாறுபவரிடம் விசாரித்து அதையே சொல்லுங்கள். ஒயினைத் தொடாதவர்களும் கிழங்கையும் தொர்த்தியீத்தாவையும் தவறவிட வேண்டாம். புட்டி ஒன்று வாங்கிப் போவதானால், அதைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். அது காத்திருக்கும் ஒயின் அல்ல. திறந்துவிட்டால் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் மீனோடு முடித்துவிடுங்கள்.