ஆபத்துக் காலத்தில் ஆலய வழிபாடு

எம்பெருமானின் உற்சவத்தை ஸேவிக்கத் திரளாக வந்திருக்கும் பாகவதர்களுக்கு, உற்சவங்களை எவரும் ஸேவிக்க இயலாமற்போன ஒரு காலத்தை நினைவூட்டுவது பொருந்தும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோயின் காரணமாகத் திருக்கோயில் வாயில்கள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. தமிழகத்தின் பெரிய திருக்கோயில்கள் அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் தேதியன்றுதான் திறக்கப்பட்டன. உள்ளே நித்திய திருவாராதனம் ஸேவார்த்திகள் இன்றியே நடந்தது. இவ்வாறு தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா? பக்தன் அதற்கு உடன்படலாமா?

"இறைவன் எங்கும் உளன், இல்லத்திலிருந்தே வணங்கலாமே" என்று சிலர் எளிதாகச் சமாதானம் கூறினர். நம் ஸம்பிரதாயம் இதனை அப்படியே ஏற்காது. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்துவம், அர்ச்சை என எம்பெருமானுக்கு ஐந்து நிலைகள் உண்டு. உள்ளத்துள் உறைபவனைக் காண யோகியரே வல்லவர். நம் போன்றோரும் கண்ணாரக் காணும்படி எளியனாய் வந்து நின்றதே அர்ச்சாவதாரம். ஆகவே ஸேவை தடைப்படுவது சிறிய இழப்பன்று. உள்ளே நின்று கைங்கர்யம் செய்யும் பேறு பெற்ற அர்ச்சகர்கள், வெளியே நின்று தவித்தவர்களுக்குப் பொறுமையை உபதேசிப்பதும் அழகன்று.

ஆயினும் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சமய உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அளிக்கிறது. இத்தகைய வரம்பு சாஸ்திரத்துக்கும் புதிதன்று. ஆசௌச காலத்தில் பக்தன் தானே சந்நிதிக்கு வராமல் இருக்கிறான். அதனால் அவன் பக்தி குறைந்ததாக எவரும் கூறுவதில்லை. மேலும், பகவத் அபசாரத்தினும் பாகவத அபசாரம் கொடியது என்பது பூர்வாசாரியர்கள் காட்டிய நெறி. தான் ஸேவிக்கும் ஆவலால் அருகில் நிற்கும் முதிய அடியாருக்கு நோயைக் கொடுப்பது பாகவத அபசாரத்தில் சேராதோ?

பூரி ஜகந்நாதரின் ரத யாத்திரை இவ்விஷயத்தில் நல்ல உதாரணம். 2020 ஜூன் 18 அன்று உச்ச நீதிமன்றம் யாத்திரைக்குத் தடை விதித்தது. 22-ஆம் தேதி நிபந்தனைகளோடு அதனை அனுமதித்தது. நகரில் ஊரடங்கு, தேர் ஒன்றுக்கு 500 பேருக்கு மேல் கூடாது, இழுப்போருக்கு நோய்ப் பரிசோதனை கட்டாயம். மறுநாள் தேர்கள் ஓடின, பெருங்கூட்டமும் தவிர்க்கப்பட்டது. வழிபாட்டை நிறுத்துவது வேறு, கூட்டத்தை நிறுத்துவது வேறு என்பது இதனால் விளங்கும். அரசு கூட்டத்தை நிறுத்தலாம், வழிபாட்டை நிறுத்தலாகாது.

மஹாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஆபத்தர்மம் தனிப் பகுதியாகவே கூறப்பட்டுள்ளது. ஆபத்து உள்ளவரைதான் அது தர்மம். நீங்கிய பின்பும் அதனைத் தொடர்ந்தால் அதர்மமே. இவ்விதி அரசுக்கும் உரியது. தமிழகத்தில் 2020 மே மாதத்திலேயே மதுக்கடைகள் திறக்கப்பட்டன. பெரிய திருக்கோயில்களோ அதன்பின் மூன்று மாதங்களுக்கு மேல் மூடியே இருந்தன. நோய்க்கு எவ்விடத்துக் கூட்டமும் ஒன்றே. ஆதலின் பக்தர்கள் அன்று கொண்ட மனவருத்தம் நியாயமானதே. பாரபட்சமுள்ள ஆணைக்கு மக்கள் அஞ்சி அடங்குவர், மனமொப்பிப் பணியமாட்டார்.

எனவே பிறர் உயிர் காக்க விலகி நிற்பது பக்தனின் கடமை. அவ்விலகலின் அருமையை உணர்ந்து, தக்க காரணத்தோடும் சமநோக்கோடும், தேவையான நாள் மட்டுமே தடுப்பது அரசின் கடமை. அத்தகைய காலம் மீண்டும் வாராதிருக்கவும், அடியார் குழாம் என்றும் கூடிக் களிக்கவும் எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.