புனித நாளின் பாரம்

ஒருவர் தம் கடவுளுக்கென ஒதுக்கிய நாளில் வேலையை நிறுத்தும்போது அந்த வேலையின் பாரம் மறைந்துபோவதில்லை, வேறொருவருடைய தோளுக்கு மாறுகிறது. நோன்பு, ஓய்வுநாள் ஆகியவை பற்றிய சமயச் சிந்தனைகள் பெரும்பாலும் நோற்பவருக்கும் கடவுளுக்கும் உள்ள உறவையே ஆராய்ந்து வந்திருப்பதால், பாரத்தை ஏற்கும் அந்த மூன்றாம் மனிதர் பேச்சில் வருவது அரிது. அவரை மறக்கவிடாத ஒரு வாழ்க்கை, ஸ்காட்லாந்து நாட்டு ரக்பி அணிக்கு 66 சர்வதேசப் போட்டிகளில் ஆடிய யூவன் மரேயினுடையது.

ரக்பி யூனியன் என்பது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். அதில் சிறு பிழைகளுக்குப் பின் ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதற்கு, இரு அணிகளிலிருந்தும் எட்டெட்டுப் பேர் மூன்று வரிசைகளாகப் பிணைந்து, குனிந்து, எதிரெதிரே தள்ளுவார்கள். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் ப்ராப் எனப்படுகின்றனர். அவர்களுள் மூன்றாம் எண் சட்டை அணியும் 'டைட்ஹெட்' ஆட்டக்காரரின் தலை எதிரணியின் இருவருக்கிடையே சிக்கிக்கொள்வதால், அவருடைய இரண்டு தோள்களும் எதிரணியின் எடையைத் தாங்க வேண்டும். பின்னாலிருந்து சொந்த அணியினரின் தள்ளலும் அவர் முதுகெலும்பின் வழியாகவே முன்னே செல்லும். மரே இந்த இடத்தில் ஆடியவர். புள்ளிகள் எடுப்பதும் பெயர் பெறுவதும் பெரும்பாலும் பிறருக்கே வாய்க்கும் இடம் அது.

கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவம் பயின்ற மரே, 2005ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்கு எதிரான போட்டியில் தலையில் அடிபட்டு, ஆடுகளத்திலேயே வலிப்பு வந்து விழுந்தார். அதன்பின் கிறித்தவ நம்பிக்கையில் ஆழ்ந்த அவர், சில ஆண்டுகள் கழித்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை என்று முடிவெடுத்தார். 2010 பிப்ரவரி 7 அன்று பிரான்சுக்கு எதிராக நடந்த போட்டியிலும், 2011 உலகக் கோப்பையில் செப்டம்பர் 25 அன்று அர்ஜென்டினாவுக்கு எதிராக நடந்த போட்டியிலும் அவர் இல்லை, இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள்.

ஸ்காட்லாந்துத் திருச்சபை 1647இல் ஏற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, ஞாயிறு முழுவதையும் வழிபாட்டுக்கு ஒதுக்கச் சொல்லி, தவிர்க்க முடியாத வேலைகளுக்கும் இரக்கச் செயல்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆகவே அந்த மரபின் கணக்கில், கால்நடை மருத்துவராக ஒரு மாட்டைக் காப்பாற்ற மரே ஞாயிறன்று உழைக்கலாம். ஆட்டக்காரராகத் தோள் கொடுக்கலாகாது. இதே காரணத்துக்காக 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடெல் 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்தார். நியூசிலாந்து ரக்பி ஆட்டக்காரர் மைக்கேல் ஜோன்ஸ் உலகக் கோப்பைப் போட்டிகளை விட்டுக்கொடுத்தார். ஆனால் லிடெல் ஓடாததால் வேறு எவருடைய உடலும் கூடுதல் சுமை ஏற்கவில்லை. ப்ராப்பின் நிலை வேறு. பயிற்சியற்றவர் முன்வரிசையில் நின்றால் கழுத்தெலும்பு முறியும் ஆபத்து இருப்பதால், அங்கே ஆடத் தேர்ந்தவர்களை மட்டுமே மாற்றாக இறக்க வேண்டும் என்று ஆட்ட விதிகளே கூறுகின்றன. ஒருவர் விலகினால், அந்தச் சிலருள் ஒருவருடைய கழுத்துதான் அவருக்குப் பதிலாக உள்ளே போகிறது.

ஒருவர் நிறுத்திய வேலையின் பாரத்தை யார் ஏற்பது என்ற கேள்வியைக் கொங்கு நாட்டின் அனுபவத்தோடு வைத்துப் பார்ப்பதில் பொருள் உண்டு. விவிலியத்தின் உபாகமம் ஓய்வுநாளை மனிதருக்கு மட்டுமின்றி மாட்டுக்கும் வேலைக்காரருக்கும் உரியதாகவே விதிக்கிறது. கொங்கு உட்படத் தமிழகத்தின் பல பகுதிகளில் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை என்ற உழவர் வழக்கமும் நுகத்தடியில் பிணைக்கப்பட்ட உயிருக்கு ஓய்வு தந்தது. அன்று ஓர் உழவர் மாட்டை அவிழ்த்துவிட்டதால் பக்கத்துத் தோட்டத்துக் காங்கேயம் காளை இரட்டிப்பாக உழைக்க நேரவில்லை, ஏனெனில் அதுவும் அன்று கட்டுத்தறியில்தான் நின்றது. மாரியம்மன் நோன்புக்குப் பூச்சாட்டிக் காப்புக் கட்டியவர்கள் இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இத்தகையதே. ஊரே சேர்ந்து நிற்கும்போது எவரும் தம் மனசாட்சியைத் தனியே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நின்றதன் இழப்பும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது.

ஆலைகள் வந்தபின் இந்தப் பொதுமை வேறு வடிவம் பெற்றது. 1890இல் பம்பாயில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கேட்டபோது, அது கண்டோபா தெய்வத்தின் நாள் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. விடுதலைக்குப் பிந்தைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ எந்தத் தெய்வத்தையும் குறிப்பிடாமல், வாரத்தின் முதல் நாளில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது என்று விதித்து, அந்நாளில் வேலை இருந்தால் அதற்கு முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் வேறொரு நாள் விடுமுறை தரச் சொன்னது. கோவையின் சிங்காநல்லூரிலோ பீளமேட்டிலோ நூற்பாலையில் வேலை செய்தவருக்கு வார விடுமுறை இவ்வாறு பக்தியின் துணையின்றியே கிடைத்தது. ஒரு நாளுக்குப் பதில் வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளத்தக்க ஓய்வு உடலுக்குப் போதும். மரேக்குப் போதாது, அவர் ஞாயிற்றுக்குப் பதிலாகப் புதன்கிழமையை ஏற்க முடியாது. டிராக்டர் வந்தபின் உழவரின் நிலையும் அவருடையதை நெருங்கிவிட்டது: இயந்திரத்துக்கு ஓய்வு தேவையில்லை என்றான பிறகும் அமாவாசையன்று நிலத்தைத் தொடாதவர், வாடகை வண்டிக்காரர் அன்றுதான் வருவேன் என்றால், தம் நம்பிக்கையைத் தனியே நின்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொழிலே வழிபாடு எனக் கொள்ளும் சைவ மரபிலிருந்து ஒரு மறுப்பு எழலாம். பெரியபுராணம் கூறும் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் காஞ்சியில் அடியார்களின் துணி வெளுத்தவர். அந்தி சாயுமுன் வெளுத்துத் தருவதாக ஏற்ற துணியை மழையால் உலர்த்த முடியாமல், சொன்ன சொல் தவறியதென்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதினார். அவருக்கு வேலையை நிறுத்துவது பக்தியாக இருந்திருக்க முடியாது. சஷ்டி விரதமிருக்கும் கொங்குப் பெண், பட்டினி கிடந்துகொண்டே வீட்டாருக்குச் சமைக்கிறார். அவருடைய நோன்பின் விலை அவர் உடலைத் தாண்டுவதில்லை (அதை அவர் மட்டுமே ஏன் தர வேண்டும் என்பது வேறு கேள்வி). இந்த அளவுகோலில் மரேயின் ஞாயிறு குறைவுடையதாகத் தோன்றும். ஆனால் நாயனாரும் அப்பெண்ணும் தம் வேலையின் காலம் தம் தெய்வத்தின் காலத்தோடு ஒத்துப்போன அமைப்புக்குள் வாழ்ந்தவர்கள். மரேயின் போட்டி நாட்களைக் குறித்தது தொலைக்காட்சி அட்டவணை. அதற்கு எந்த நாளும் புனிதமன்று. இதில் மரேயின் பக்கமே நியாயம் கூடுதல் என்று சொல்லலாம், ஏனெனில் தம் முடிவை அவர் முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தார். அணியும் மாற்று ஆட்டக்காரரும் தெரிந்தே ஏற்பாடு செய்துகொண்டனர். எனினும் அந்த வெளிப்படைத்தன்மைக்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது. அணியில் முதல் தெரிவாக இருப்பவர் விதிக்கும் நிபந்தனையை, இடம் தேடும் இளம் ஆட்டக்காரரோ ஏற்றுமதிக் கெடுவுக்கு ஓடும் திருப்பூர் பனியன் கம்பெனியின் பீஸ் ரேட் தொழிலாளியோ விதிப்பது எளிதன்று.

2011இல் அர்ஜென்டினாவிடம் ஸ்காட்லாந்து 13–12 என ஒரே புள்ளியில் தோற்றது; அந்த உலகக் கோப்பையில்தான் அது முதல்முறையாகக் காலிறுதிக்குத் தகுதி பெறாமல் போனது. மரே ஆடியிருந்தால் என்ற பேச்சு எழுவது இயல்பு; ஆயினும் தோல்விக்கு வழிவகுத்தது ஸ்க்ரம் அன்று, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அர்ஜென்டினாவின் லூகாஸ் அமொரோசினோ பல தடுப்பாளர்களைத் தாண்டி ஓடி எடுத்த புள்ளிகள். அன்று ஸ்காட்லாந்து வென்றிருந்தாலும், மூன்றாம் எண் சட்டையை அணிந்து உள்ளே சென்றவர் தாங்கிய எடை ஒரு கிலோவும் குறைந்திருக்காது.