வேலூரில் பிறந்த வைத்தியம்: இந்த அறிவு யாருடைய அமானிதம்?



புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, அன்பிற்கினிய சகோதரர்களே!

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய அக்கா மகனுக்கு கத்னா செய்த அன்று ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் அது ஹீமோஃபிலியா என்று தெரிந்தது. ரத்தம் உறையாத நோய். இன்று பையனுக்கு ஒன்பது வயது. ஓடி விளையாடினால் முட்டி வீங்கிவிடும்.

"ஹஜ்ரத், இதுக்கு வேலூர்ல மரபணு வைத்தியம் கண்டுபிடிச்சிருக்காங்களாம். அல்லாஹ்வோட படைப்பை மாத்துறது ஆகாதா? அக்கா கேக்கச் சொன்னாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். "கூடும்னே வைங்க ஹஜ்ரத். எங்களால முடியுமா?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஆலிம்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை நாம் மிம்பரில் பேசுவதே இல்லை. இன்றைக்கு இரண்டையும் பேசுவோம்.

சகோதரர்களே! இது புதிய நோய் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபா நகரப் பகுதியில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி என்ற மாபெரும் அறுவை மருத்துவர், தம்முடைய அத்தஸ்ரீஃப் என்ற நூலில், ஒரு கிராமத்து ஆண்கள் காயம் பட்டால் ரத்தம் நிற்காமல் இறந்துபோவதைப் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு நோய் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இன்று காரணம் தெரியும். ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதத்தை, எட்டாம் காரணி என்பார்கள், உண்டாக்குகிற மரபணு பழுதாகியிருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்னால் யாருக்குமே இருந்திருக்காது. ஆகவே மருமகளைப் பார்த்து "உன் வீட்டு நோய்" என்று சொல்லும் நாவுகள் அல்லாஹ்வுக்குப் பயப்படட்டும்.

இதற்கு மருந்து தேடிய வரலாற்றில் ஒரு பெரும் துயரம் உண்டு. முன்பு ஆயிரக்கணக்கானோரின் ரத்தத் திரவத்தை ஒன்றாகக் கலந்து அதிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1970களிலும் 80களிலும் அதன் வழியாக எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் நோயாளிகளின் உடலுக்குள் போயின. பிரிட்டனில் மட்டும் ரத்தம் ஏற்றியதாலும் இந்த மருந்துகளாலும் சுமார் 30,000 பேர் தொற்றுக்கு ஆளானார்கள். 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை விசாரித்த குழு 2024 மே மாதத்தில்தான் அறிக்கை தந்தது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் அவை, உண்மை மறைக்கப்பட்டது என்று அந்த அறிக்கை சொன்னது.

அந்த இருட்டில் வெளிச்சமாக வந்தது உயிரித் தொழில்நுட்பம். 1984-ல் எட்டாம் காரணியின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1992-ல், ரத்தத்திலிருந்து பிரிக்காமல் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்தே செய்த மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் ஊசியை வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த படி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. நம் ஊரிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில், அதே பாலாற்றின் கரையில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு, கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்தார்கள். நோயாளியின் சொந்த ரத்த மூல செல்களை எடுத்து, நல்ல மரபணுவை அதில் சேர்த்து, திரும்ப அவருக்கே செலுத்துவது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதங்கள் கவனித்ததில், ஒருவருக்கும் நோயினால் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. சுப்ஹானல்லாஹ்! அந்த மரபணுவை உள்ளே சுமந்து செல்வது எது தெரியுமா? எச்.ஐ.வி. கிருமியின் கேட்டையெல்லாம் நீக்கி வெறும் வாகனமாக மாற்றியது. எந்தக் கிருமி ஹீமோஃபிலியா நோயாளிகளைக் கொன்றதோ, அதே கிருமியைக் கொண்டு மருந்தைச் சுமக்க வைத்திருக்கிறார்கள்.

ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இது இன்னும் சோதனை நிலைதான். சேர்ந்தவர்களும் வயது வந்தவர்கள். அந்தப் பையனின் தாயிடம் நாளைக்கே கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது.

இனி முதல் கேள்வி. இது படைப்பில் கை வைப்பதா? மக்காவில் உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹ் மன்றம் 1998-லேயே இதை ஆராய்ந்தது. நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம், அதைவிடப் பெரிய கேடு வரக் கூடாது என்று முடிவு சொன்னது. வேலூர் சிகிச்சை அந்த நோயாளியின் ரத்த செல்களில் மட்டும் நிற்கிறது, அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. 2018-ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். அது வேறு. சம்மதம் சொல்ல முடியாத, இன்னும் பிறக்காத தலைமுறைகள் மீது செய்த சோதனை. அவருடைய நாடே அவரைச் சிறைக்கு அனுப்பியது. காலுடைந்தவனுக்குக் கட்டுப் போடுவதையும், பிறக்காத பிள்ளையை நம் ஆசைக்கேற்ப வடிவமைப்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலூரில் பயன்படுத்திய மரபணு வரிசையில் சில பகுதிகள் பன்றியின் மரபணுவைப் பார்த்து அமைக்கப்பட்டவை. அப்படி அமைத்தால் உடல் அந்தப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. பன்றியின் உடலிலிருந்து இறைச்சியோ ரத்தமோ எடுத்து நோயாளிக்குக் கொடுப்பதில்லை, வரிசை மட்டும் ஆய்வகத்தில் எழுதப்படுகிறது. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் தரும் சலுகையை நாம் அறிவோம். என் புரிதல் இதைத் தடுக்கவில்லை. மனம் உறுத்துகிறவர்கள் தாங்கள் நம்பும் முஃப்தியிடம், விஷயத்தை முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். 1982-க்கு முன்னால் நம் பெரியவர்கள் போட்டுக்கொண்ட இன்சுலின், மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. மனித இன்சுலினைக் கிருமிகளைக் கொண்டே செய்யக் கற்றுத்தந்து அந்தத் தவிப்பைப் போக்கியதும் இதே துறைதான்.

இனி இரண்டாவது கேள்வி. எங்களால் முடியுமா?

இதே நோய்க்கு வேறு வகை மரபணு மருந்து ஒன்றுக்கு 2023 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு அறிவித்த விலை 29 லட்சம் டாலர். நம் பணத்தில் இருபது கோடி ரூபாய்க்கு மேல். இருபது கோடிக்கு நம் தெருவையே விற்றாலும் போதாது. மருந்து இருக்கிறது, பிள்ளைக்குக் கிடைக்காது என்று தெரிந்தபின் அந்தத் தாய் எப்படித் தூங்குவாள்?

இன்சுலினைக் கண்டுபிடித்த பேன்டிங்கின் குழுவினர் 1923-ல் அதன் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். உயிர் காக்கும் பொருளை வைத்துச் சம்பாதிப்பது தகாது என்று அவர்கள் எண்ணினார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்ல. ஆனால் அமானிதம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மத்திய அரசு சொல்லும் கணக்குப்படி, இந்தியாவின் உயிரிப் பொருளாதாரம் 2014-ல் 1,000 கோடி டாலர், 2024-ல் 16,500 கோடி டாலருக்கு மேல். 2030-ல் 30,000 கோடி டாலர் என்பது இலக்கு. மகிழ்ச்சி. நம் பிள்ளைகள் படித்து அந்தத் துறைக்குப் போகட்டும். இலாபம் ஹராம் அல்ல. பத்து மருந்துக்கு முயன்று ஒன்பதில் தோற்கிற நிறுவனம் பத்தாவதில் பணம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அளவு என்று ஒன்று உண்டு. மக்கள் உயிர் வாழத் தேவையான பொருளைப் பதுக்கி விலை ஏற்றுவதை ஃபிக்ஹ் இஹ்திகார் என்று கண்டிக்கிறது. மரபணுவைக் கோணியில் கட்டிக் கிடங்கில் பூட்ட முடியாது. இருபது ஆண்டுக் காப்புரிமைக்குள் பூட்டலாம். விளைவு ஒன்றுதான்: தேவைப்பட்டவன் வெளியே நிற்கிறான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமா? ஒரு காஞ்சிப் பட்டுப் புடவையை எண்ணிப் பாருங்கள். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஒருவர் சாயம் போடுகிறார், ஒருவர் பாவு போடுகிறார், கோர்வைக்குக் கரையும் உடலும் சேர இரண்டு பேர் தறியில் உட்காருகிறார்கள். கடைசியில் கண்ணாடிக் கடையில் விலைச் சீட்டு தொங்குகிறது. நெய்தவரின் மகள் அந்தப் புடவையைக் கட்டியிருக்கிறாளா? பல வீடுகளில் இல்லை. இது பழைய அநீதி, நாம் பார்த்துப் பழகிவிட்டோம்.

மருந்தும் அப்படித்தான் நெய்யப்படுகிறது. நம் வரிப்பணம் அதில் பாவு. ஆயிரம் ஆண்டு மருத்துவர்களின் குறிப்புகள் அதில் ஊடை. தீட்டான ரத்தத்தால் இறந்தவர்கள் விட்டுச்சென்ற பாடமும் அதில் உண்டு. எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யும் கடும் மருந்தைத் தாங்கிக்கொண்டு, பலன் கிடைக்குமா என்று தெரியாமலே படுத்த அந்த ஐந்து பேரின் உடலும் உண்டு. விலை குறிக்கும் நாளில் இவர்களுடைய பங்கை யார் கணக்கில் எடுப்பது? புடவை இல்லாமல் வாழலாம். ரத்தம் உறையாமல் வாழ முடியுமா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பலருடைய ரத்தத்தாலும் பணத்தாலும் உண்டான அறிவு ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாது. அதை வைத்திருப்பவர் அமானிதத்தைச் சுமப்பவர். உழைப்புக்குக் கூலி எடுத்துக்கொள்ளலாம், கதவை அடைக்கக் கூடாது. பொதுப்பணத்தில் பிறந்த சிகிச்சை பொது மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை. நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது இதையும் கேளுங்கள்.

நம் கடமையும் இருக்கிறது சகோதரர்களே. தாய்மாமன், அண்ணன் என்று யாருக்காவது ரத்தம் நிற்காத வரலாறு இருந்தால், கத்னாவுக்கு முன் பிள்ளையின் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். சோதனைச் சிகிச்சையில் சேரச் சொன்னால், புரிகிற மொழியில் விளக்கம் கேட்டு, புரிந்த பின்பே கையெழுத்துப் போடுங்கள். ஹீமோஃபிலியாவுக்கான காரணி ஊசி தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தெரியாமல் கடன் வாங்குகிற குடும்பம் இருந்தால் வழிகாட்டுங்கள். ஆரோக்கியமானவர்கள் ரத்தம் கொடுங்கள். ஒரு காலத்தில் நம் முன்னோர் மருத்துவமனைகளையே வக்ஃபாக எழுதி வைத்தார்கள். நம் ஜமாஅத் ஒரு நோயாளியின் வேலூர் பயணச் செலவையாவது ஏற்கலாமே.

அந்தச் சகோதரரிடம் நான் கடைசியாகச் சொன்னது: "இன்னிக்கு முடியாது. ஆனா முடியணும்னு நாம எல்லாரும் சேர்ந்து கேக்கணும்." அவர் தலையாட்டினார். மறுநாள் அக்கா மகனை ஜமாஅத்துக்கு அழைத்து வந்தார். பையன் முன் ஸஃப்பில், முட்டியை மெதுவாக மடக்கி ஸஜ்தா செய்தான்.

யா அல்லாஹ்! நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபா தருவாயாக. அறிவைப் பெற்றவர்களுக்கு அமானித உணர்வைத் தருவாயாக. அண்டை வீட்டான் வேதனையில் நாங்கள் தூங்கிவிடாமல் காப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.